காரைக் களிப்பாறையின் வயது

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பாடாலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதற்குக் கிழக்கே, ஊட்டத்தூர்ப் பக்கமாகச் சென்றால், பெரம்பலூர் மாவட்டத்தைச் சேர்ந்த காரை என்னும் சிற்றூரை அடையலாம். ஊரின் புறத்தே பயிர் நிலங்கள் சட்டென்று முடிந்துவிடுகின்றன. அதற்கப்பால் நிலம் ஓடை ஓடையாகக் கிழிந்து, சாம்பல் நிறமும் மஞ்சளும் பழுப்புச் சிவப்பும் கலந்த மண்முகடுகளாக நிற்கிறது. புல்லும் பூண்டும் அரிது. வெயில் ஏறிய வேளையில், கண்ணாடித் துண்டுகளை வாரி இறைத்தாற்போலத் தரை முழுதும் மின்னும். மின்னுவது கண்ணாடியன்று, ஜிப்சம் என்னும் உப்புக்கல். குனிந்து தேடினால் துப்பாக்கிக் குண்டு போன்ற உருண்டு நீண்ட கற்கள், சுருள் சுருளான சங்குக் கற்கள், சில வேளைகளில் சுறாமீனின் பல் ஆகியனவும் அகப்படும். கடற்கரையோ இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

நேயர்களே, இந்நிலத்தின் அடியில் உள்ள பாறையை நிலவியல் அறிஞர்கள் ‘காரைக் களிப்பாறை’ என்கிறார்கள். அது கடலில் படிந்தது என்றும், ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டு வயதுடையது என்றும் கூறுகிறார்கள். பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் நீங்கள் இத்தகைய பெரிய எண்களை நூல்களில் படித்திருப்பீர்கள். தேர்வில் எழுதியும் இருப்பீர்கள். ஆனால், ‘அந்த எண் எங்கிருந்து வந்தது? பிறப்புச் சான்று யார் கொடுத்தார்?’ என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? இன்று அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறோம். வயதைக் கேட்பதற்கு முன்னால் ஆள் யாரென்று தெரிய வேண்டும். ஆகவே முதலில் ‘காரைக் களிப்பாறை’ என்று எதைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவு செய்துகொள்வோம்.

ஆறுகள் கொண்டுவரும் பொருள்களில் கூழாங்கல் முதலில் தங்கிவிடும். மணல் கரையோரத்தில் தங்கும். மிக நுண்ணிய வண்டல் மட்டும் அலை ஓய்ந்த ஆழ்நீர் வரை மிதந்து சென்று மெல்ல அடியில் இறங்கும். ஒரு மில்லிமீட்டரை 256 பங்காக்கினால் ஒரு பங்குக்கும் குறைந்த பருமன் உடையவையே களித்துகள்கள். அவை தட்டையானவை. மேலே படியும் வண்டலின் பாரம் அழுத்த அழுத்த நீர் பிழிந்து வெளியேறும். தட்டைத் துகள்கள் படுத்த நிலையில் ஒன்றன்மேல் ஒன்று அடுங்கும். இப்படி இறுகிய பாறை, கத்தி நுனி பட்டால் ஏட்டுச் சுவடிபோல இதழ் இதழாகப் பிரியுமானால் அதைக் களிப்பாறை, அதாவது ‘ஷேல்’, என்கிறோம். உலகிலுள்ள படிவுப் பாறைகளில் சரிபாதிக்கு மேற்பட்டவை இவ்வகை நுண்சேற்றுப் பாறைகளே. கருங்கல்லைப்போல் கோயில் கட்ட உதவாமையால் மக்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பழங்காலத்து உயிர்களின் நுண்ணிய உறுப்புகளையும் சிதையாமல் காப்பாற்றித் தருவதில் இதற்கு இணையான பாறைகள் சிலவே.

எனினும், ‘இது களிப்பாறை’ என்பது பொருளின் பெயரே அன்றி ஆளின் பெயரன்று. உலகெங்கும் களிப்பாறைகள் உள. ஒரு குறிப்பிட்ட களிப்பாறையைத் தனியே பிரித்துப் பெயரிட வேண்டுமானால் அதற்கு வரன்முறை உண்டு. நிலவியலார் ‘பாறையமைவு’ என்று ஓர் அலகை வைத்திருக்கிறார்கள். அண்டையிலுள்ள பாறைகளிலிருந்து கண்ணுக்குப் புலனாகும் தன்மையால் வேறுபட்டிருத்தல், நிலப்படத்தில் எல்லை வரைந்து காட்டத்தக்க அளவு பரந்திருத்தல், மேல் எல்லையும் கீழ் எல்லையும் சொல்லத்தக்கனவாக இருத்தல், எடுத்துக்காட்டாக நின்று காட்டும் ஓர் இடத்தின் பெயரைத் தாங்கியிருத்தல் ஆகிய இவை பொருந்தினால்தான் ஒரு பாறை பாறையமைவு ஆகும். பல அமைவுகள் சேர்ந்தது தொகுதி. ஓர் அமைவின் உட்பிரிவு உறுப்பு. இந்தியாவில் இத்தகைய பெயரிடலுக்கென ஒரு நெறிமுறை 1971-இல் வெளியிடப்பட்டது. இவ்விலக்கணத்தில் வயதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது மறதியால் நேர்ந்ததன்று, வேண்டுமென்றே விடப்பட்டது. ஏன் என்பது பின்னால் விளங்கும்.

காரைப் பகுதியின் கற்கள் அறிவுலகின் கண்ணில் பட்ட கதை 1840-களில் தொடங்குகிறது. சென்னை மாகாணத்தில் அரசுப் பணியிலிருந்த கேய், கன்லிப் என்னும் இரு ஆங்கிலேயர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கற்சங்குகளைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்டு போர்ப்ஸ் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1846-இல் எழுதினார். அவை ஐரோப்பாவில் ‘கிரெட்டேசியஸ்’ எனப் பெயர் பெற்ற காலத்துக் கடலுயிர்கள் என்பது அப்போது வெளியாயிற்று. பின்னர் இந்திய நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு இப்பகுதியை அளந்து, 1860-களின் தொடக்கத்தில் விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டார். அடியிலிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக அவர் பிரித்த பிரிவே நூற்றறுபது ஆண்டுகள் கடந்தும் நிலைத்து நிற்கிறது. இவர் பிற்காலத்தில் பாறையை விட்டுவிட்டு வானத்தை ஆராயப் போனவர். இந்திய வானிலைத் துறையை முதன்முதலில் நடத்தியவரும் இவரே. காலுக்குக் கீழுள்ளதையும் தலைக்கு மேலுள்ளதையும் ஒருங்கே கற்ற அத்தகையோர் இன்று அருகிவிட்டனர்.

பிளான்போர்டின் ஊட்டத்தூர்த் தொகுதி பெரியது. பல வகைப் பாறைகள் அதனுள் அடக்கம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தவர்கள் அதை அமைவுகளாகப் பகுத்தனர். அடியில் கள்ளக்குடி டால்மியாபுரத்துச் சுண்ணாம்புக்கல். பவளமும் பாசியும் வளர்ந்த ஆழமற்ற தெளிந்த கடலில் உண்டானது. சிமெண்ட் ஆலைக்கு வெட்டப்படுவது. அதன்மேல் நாம் பேசும் காரைக் களி. அதற்கும் மேலே திருச்சிராப்பள்ளித் தொகுதியின் மணற்பாறைகள், சங்கும் சிப்பியும் செறிந்த கருடமங்கலத்துக் கல் முதலியன. கருடமங்கலத்துக் கல்லை மெருகேற்றி ‘திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல்’ என்று அணிப்பொருள்கள் செய்ததுண்டு. காரை அமைவின் அடிப்பகுதி ஜிப்சம் மிகுந்த களி. மேற்பகுதி மணல் கலந்த களி. மேற்பகுதிக்கு ஓதியம் என்னும் ஊரின் பெயர் இடப்பட்டிருக்கிறது. மேல் எல்லை அமைதியானதன்று. களியின் மேற்பரப்பு அரிக்கப்பட்ட பின்னரே மணல் வந்து படிந்தது என்பதைப் பிளான்போர்டே கண்டு எழுதியிருக்கிறார். கடல் பின்வாங்கி, அடித்தளம் வெளிப்பட்டு, மீண்டும் கடல் ஏறியதற்கு அது சான்று. அந்த இடைவெளிக் காலத்தின் ஏடுகள் இங்கே கிழிந்துபோயின என்று கொள்ளலாம்.

பெயரைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. சிலர் ‘காரைக் களிப்பாறை’ என்று எழுதுவர். சிலர் ‘காரை அமைவு’ என்று மட்டும் எழுதுவர். இரண்டாம் கட்சியார் கூறும் காரணம் கேட்கத்தக்கது. காரையின் ஓடைகளில் வெளிப்பட்டுள்ள களி பல இடங்களில் இதழ் இதழாகப் பிரிவதில்லை. கட்டி கட்டியாக உதிர்கிறது. இதழாகப் பிரியாததைக் களிப்பாறை என்பது இலக்கணப் பிழை என்பது அவர்கள் கூற்று. வெயிலும் மழையும் பட்டு இளகிய மேற்பகுதியை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறலாகாது என்பது மறு கட்சி. என் கருத்தைக் கேட்டால், மணல் கலந்த உறுப்பும் ஒன்று உள்ளே இருப்பதால் ‘காரை அமைவு’ என்பதே பழுதற்ற பெயர். ஆயினும் ‘களிப்பாறை’ என்றதும் மாணவன் மனத்தில் பொருள் தோன்றிவிடுகிறது. அந்த வசதிக்காக இப்பேச்சில் அதையே ஆள்கிறேன்.

ஜிப்சத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். ஏனெனில் காரைக்கு வரும் மாணவர்கள் தவறாத ஊகம் ஒன்று அதிலிருந்து பிறக்கிறது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது ஜிப்சம் படியும் என்று வேதியியலில் படித்திருப்பீர்கள். உடனே, ‘இங்கே கடல் வற்றிற்று, ஜிப்சம் படிந்தது’ என்று கூறத் தோன்றும். ஆனால் ஜிப்சம் கிடக்கும் முறையைச் சற்று உற்று நோக்குங்கள். அது படுகைக்கு இணையாக மட்டும் இல்லை. படுகைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நரம்புகள்போல ஏறியும் இறங்கியும் ஓடுகிறது. கிழிந்த துணிமேல் போட்ட தையல் துணிக்குப் பிற்பட்டது அன்றோ? களி படிந்து இறுகி வெடிப்புகள் விட்ட பின்னரே அவ்வெடிப்புகளில் ஜிப்சம் நிரம்பியிருக்க வேண்டும். களியில் இருந்த இரும்புக் கந்தகம் காற்றும் நீரும் பட்டுச் சிதைந்து கந்தக அமிலமாகி, சங்குகளின் சுண்ணாம்போடு கூடி ஜிப்சமாயிற்று என்பதே பொருத்தமான விளக்கம். ஆகவே ஜிப்சத்தை வைத்துக் காரைக் கடலின் தன்மையையோ வயதையோ கூறுதல் பொருந்தாது. வெட்டப்பட்டது முந்தியது, வெட்டியது பிந்தியது என்னும் இந்த எளிய விதி நிலவியலின் முதற்பாடங்களுள் ஒன்று.

இனி வயதுக்கு வருவோம். அடுக்கடுக்காகக் கிடக்கும் படிவுகளில் கீழே உள்ளது மூத்தது, மேலே உள்ளது இளையது என்று டென்மார்க்கு நாட்டவரான ஸ்டெனோ 1669-இல் எழுதினார். இது மூத்தோர் இளையோர் என்னும் வரிசையைத் தருமே ஒழிய, எத்தனை ஆண்டு என்பதைத் தராது. ‘ஆண்டுக்கு எவ்வளவு வண்டல் படிகிறது என்று அளந்து, மொத்தத் தடிப்பை அதனால் வகுத்துவிடலாமே’ என்று கணக்கில் வல்ல மாணவன் கேட்பான். சென்ற நூற்றாண்டுகளில் பெரிய அறிஞர்களும் இதை முயன்றார்கள். ஆனால் களி இறுகும்போது அதன் தடிப்புப் பெரிதும் குறைந்துவிடுகிறது. படிதல் ஒரே வேகத்தில் நடப்பதுமில்லை. நடுவில் நின்றும் போகிறது. காரையிலேயே பாஸ்பேட் உருண்டைகள் செறிந்த படுகைகள் உண்டு. கடலடியில் வண்டல் வரத்து மிகவும் குறைந்த காலங்களில்தான் இத்தகைய உருண்டைகள் திரளும். அங்கே ஒரு சாண் தடிப்பு, வேறோரிடத்துப் பத்து மீட்டர் தடிப்பைவிட நீண்ட காலத்தைக் குறிக்கலாம். வகுத்தல் கணக்கு இங்கே வழிதவறும்.

அப்படியானால் கதிரியக்கக் கடிகாரம் இருக்கிறதே? இருக்கிறது, மிக நல்ல கடிகாரமுங்கூட. யுரேனியம் 238 என்னும் தனிமம் தேய்ந்து தேய்ந்து ஈயமாகிறது. அது பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும். சிர்க்கான் என்னும் சிறு மணி, உருகிய குழம்பிலிருந்து படிகமாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை ஏற்காது. எனவே பின்னர் அதனுள் காணப்படும் ஈயம், அது படிகமான நாள்முதல் தேய்ந்த யுரேனியத்தின் கணக்காகும். காரைக் களியிலும் சிர்க்கான் மணியைத் தேடி எடுத்து அளக்கலாமே என்றால், அங்கேதான் இடர் இருக்கிறது. அந்த மணி காரைக் கடலில் பிறந்ததன்று. மேற்கே நின்ற பழம்பாறைகள் சிதைந்து, ஆற்றோடு வந்து சேர்ந்தது. அதை அளந்தால் அந்தப் பழம்பாறையின் வயதுதான் கிடைக்கும். நூறு கோடிக்கணக்கான ஆண்டுகள் என்று வரும். பழைய வீட்டை இடித்த செங்கல்லைக்கொண்டு கட்டிய புதுவீட்டின் வயதைச் செங்கல்லிடம் கேட்பது போன்றது அது. ‘இதைவிட முந்தியதன்று’ என்னும் ஒரு விளிம்பை மட்டும் அது காட்டும். கடலடியிலேயே உருவாகும் கிளாக்கோனைட் என்னும் பச்சை மணியும் காரையில் உண்டு. அதில் பொட்டாசியம் இருப்பதால் அதையும் கடிகாரமாகக் கொள்ள இடமுண்டு. ஆனால் அது தன்னுள் விளைந்த ஆர்கான் வளியை எளிதில் கசியவிடும் இயல்புடையது. கசிந்தால் வயது குறைத்துக் காட்டும்.

எனவே உயிர்களின் எச்சங்களையே நாட வேண்டியிருக்கிறது. இங்கே நாம் வணங்கத்தக்க ஒருவர் பெர்டினண்டு ஸ்டோலிக்ஸ்கா. ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த மொராவியாவில் பிறந்தவர். 1862-இல் இந்திய நிலவியல் அளவைத் துறையில் சேர்ந்தார். தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிர்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் தொகுதிகள் 1873 வரை வெளிவந்தன. அடுத்த ஆண்டே, யார்க்கண்டு சென்ற தூதுக்குழுவோடு திரும்புகையில், லடாக்கின் உயர்மலையில் மூச்சு முட்டி மாண்டார். அப்போது அவருக்கு வயது 36. லே நகரில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. ஊட்டத்தூரின் கற்சங்குகளை உலகின் எந்த நாட்டினரும் தம் நாட்டுக் கற்சங்குகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வழி செய்தது அவர் நூல்.

அக்கற்சங்குகளுள் தலையாயவை அம்மோனைட்டுகள். நம் வீடுகளில் பூசைக்கு வைக்கும் சாளக்கிராமத்தை உடைத்தால் உள்ளே சக்கரம் தெரிகிறதல்லவா? கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தச் சக்கரமும் அம்மோனைட்டே. காரைக்கு முற்பட்ட ஜுராசிக் காலத்தது. கணவாய் மீனுக்கு உறவான இவ்வுயிர்கள் ஓட்டுக்குள் வாழ்ந்து கடலில் நீந்தின. காலங் காட்ட இவை ஏன் சிறந்தவை? பரந்த கடலில் பல நாடுகளுக்கும் பரவின; விரைவில் உருமாறி, ஓர் இனம் தோன்றிச் சில இலட்சம் ஆண்டுகளில் மறைந்து வேறோர் இனத்துக்கு இடம் விட்டது. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த உயிர் அரிது. நத்தைக் கூடுபோல் கோபுரமாகச் சுருண்ட டர்ரிலைட்ஸ் காஸ்டேட்டஸ் என்னும் அம்மோனைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் சுண்ணப் பாறையிலும், பிரான்சிலும், நம் ஊட்டத்தூர்த் தொகுதியிலும் அது கிடைக்கிறது. அப்படிக் கிடைக்கும் படுகைகள் ஏறத்தாழ ஒரே காலத்தவை என்று கொள்வதில் தவறில்லை. துப்பாக்கிக் குண்டு என்று முன்னே சொன்னேனே, அது பெலெம்னைட் என்னும் வேறோர் உறவினத்தின் உள்ளெலும்பு. காண்பதற்கு அழகியது, கிடைப்பதும் மிகுதி, ஆனால் காலங் காட்டுவதில் அம்மோனைட்டுக்கு ஈடாகாது.

ஐரோப்பாவில் கிரெட்டேசியஸ் காலத்தைச் சிறு பிரிவுகளாகப் பகுத்துப் பெயரிட்டவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு அறிஞர் டோர்பிஞி. ஓப் ஆற்றின் பழம்பெயரால் ஆல்பியன், லெ மான் நகரின் பழம்பெயரால் செனோமானியன், தூர் நகரைச் சூழ்ந்த நாட்டின் பெயரால் டூரோனியன் என 1840-களில் அவர் இட்ட பெயர்களே இன்றும் வழங்குகின்றன. 1890-களில் வியன்னாவைச் சேர்ந்த பிரான்சு காஸ்மட், தென்னிந்திய அம்மோனைட்டுகளை மீண்டும் ஆராய்ந்து, ஊட்டத்தூர்த் தொகுதியினுள்ளேயே கீழிருந்து மேலாக உயிர்கள் மாறிச் செல்வதைக் காட்டினார். அடியில் ஆல்பியனின் இறுதிக்குரிய மார்ட்டானிசெராஸ் இனங்கள்; அதற்கு மேல் செனோமானியனுக்குரிய மாண்டெல்லிசெராஸ், அகாந்தோசெராஸ் முதலியன; உச்சியில் டூரோனியனுக்குரிய மாம்மைட்டிஸ் சார்ந்தவை. ஆக, காரைக் களி ஆல்பியனின் பிற்பகுதியில் படியத் தொடங்கி, செனோமானியன் முழுதும் படிந்து, டூரோனியனின் முற்பகுதியில் முடிவுற்றது. இதுதான் அதன் வயது. ஆண்டுக் கணக்கில் அன்று, அரசர் வரிசைக் கணக்கில். ‘இராசராசன் காலத்துக் கல்வெட்டு’ என்றால் ஆண்டு தெரியாவிடினும் காலம் விளங்கிவிடுகிறதல்லவா, அதுபோல.

ஆண்டுக் கணக்கு எப்படி வந்தது? அதற்குக் காரையை விட்டு அமெரிக்காவின் கொலராடோ வரை செல்ல வேண்டும். அங்கே அதே காலத்துக் கடற்படிவுகளின் இடையிடையே எரிமலைச் சாம்பல் அடுக்குகள் உண்டு. எரிமலை கக்கிய சாம்பல் சில நாள்களில் கடலடியில் இறங்கிவிடும். அதிலுள்ள படிகங்கள் ஆற்றோடு வந்த பழம்பொருள்களல்ல. அவ்வெரிமலையிலேயே புதிதாகப் பிறந்தவை. அவற்றை யுரேனியம்-ஈயக் கடிகாரத்தாலும் ஆர்கான் கடிகாரத்தாலும் அளக்கும்போது, சாம்பல் வீழ்ந்த நாளின் வயதே கிடைக்கிறது. சாம்பலுக்கு மேலும் கீழும் அம்மோனைட்டுகள் இருக்கின்றன. இப்படி அம்மோனைட்டு வரிசைக்கு ஆண்டு எண் ஏறிற்று. கொலராடோவில் பியூப்லோ நகருக்கு அருகே ஒரு குறிப்பிட்ட சுண்ணாம்புப் படுகையின் அடியை, செனோமானியன் முடிந்து டூரோனியன் தொடங்கும் எல்லையாக உலக நிலவியல் அமைப்பு 2003-இல் ஏற்றது. அதன் வயது 9 கோடியே 39 இலட்சம் ஆண்டு. செனோமானியனின் தொடக்க எல்லையோ தென்கிழக்குப் பிரான்சில் மோன் ரிசூ என்னும் மலைச்சரிவில் குறிக்கப்பட்டிருக்கிறது; அதன் வயது ஏறத்தாழ 10 கோடியே 5 இலட்சம் ஆண்டு. காரையில் யாரும் எண்ணை நேராக அளக்கவில்லை. கொலராடோவின் சாம்பலில் அளந்த எண், உயிரெச்சங்களின் வழியாகக் கடல் கடந்து காரைக்கு வந்திருக்கிறது.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடலாம். காரைக் களி படிந்த காலம் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு. தடிப்பை 400 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இறுகிய களியாக ஆயிரம் ஆண்டுக்கு 4 சென்டிமீட்டர். திருவள்ளுவர் காலம் முதல் இன்றுவரை படிந்தாலும் ஒரு கைவிரல் நீளம்தான். சராசரி என்பதால்தான் இக்கணக்குக்கு மதிப்பு. ஒரு குறிப்பிட்ட படுகைக்கு இதைப் பொருத்தினால் முன்னே கூறிய பிழை வந்து சேரும்.

அம்மோனைட்டு ஓடையில் உதவும். ஆழ்துளைக் கிணற்றில் உதவாது. காவிரிப் படுகையில் எண்ணெயும் வளியும் தேடித் துளையிடும்போது, துளைக்கருவி பாறையைப் பொடியாக்கித்தான் மேலே அனுப்புகிறது. உள்ளங்கை அளவு சங்கு அதில் தப்புமா? ஆனால் ஊசிமுனை அளவுள்ள போராமினிபெரா என்னும் ஓரணு உயிர்களின் ஓடுகள் தப்பிவிடும். காரைக்கு ஒத்த காலத்துக் களி, கிழக்கே நிலத்துக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது. சாத்தப்பாடிக் களிப்பாறை என்று அதற்குப் பெயர். அப்படுகையின் எண்ணெய்க்கு மூலமாகக் கருதப்படும் பாறைகளுள் அதுவும் ஒன்று. அதை அடையாளங் காணவும் வயது சொல்லவும் நுண்ணுயிர் ஓடுகளே கருவி. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. துளையின் மேற்பகுதிச் சுவரிலிருந்து பொடி உதிர்ந்து கீழ்ப்பொடியோடு கலந்துவிடும். ஆகையால் ஓர் உயிரினம் ‘எந்த ஆழம் வரை கிடைத்தது’ என்பதை நம்ப முடியாது. மேலிருந்து இறங்கும்போது ‘எந்த ஆழத்தில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது’ என்பதையே நம்பலாம். அதாவது, அவ்வினம் பிறந்த எல்லையைவிட மறைந்த எல்லையே கிணற்றில் உறுதியானது. செனோமானியன் முடிவதற்குச் சற்று முன்னர் மறைந்த ரோட்டாலிபோரா என்னும் இனம் இவ்வகையில் பெரிதும் பயன்படுகிறது.

கலப்பு ஓடையிலும் உண்டு. கடலடியில் முன்னரே புதைந்த சங்கை நீரோட்டம் தோண்டி எடுத்துப் புதிய சேற்றில் மீண்டும் புதைப்பதுண்டு. பாஸ்பேட் ஏறிக் கடினமான சங்குகள் இந்த மறுபுதைப்பைத் தாங்கும். ஆகவே ஒரு படுகையில் மூத்த இனமும் இளைய இனமும் சேர்ந்து கிடைத்தால், இளையதே படுகையின் வயதைச் சொல்லும், மூத்தது விருந்தினர்.

இதனினும் பெரிய தொல்லை மனிதன் செய்வது. நான் ஆசிரியப் பணியில் இருந்த நாள்களில் மேல்வகுப்பு மாணவர்களை இத்தகைய ஓடைகளுக்கு அழைத்துச் சென்றதுண்டு. ஒரு பையன் பை நிறையக் கற்சங்கு பொறுக்கி வந்து என் முன் கொட்டினான். ‘எந்தப் படுகையில் எடுத்தாய், தம்பி?’ என்றேன். ‘அங்கேதான் ஐயா கிடந்தது’ என்று நான்கு திசையையும் காட்டினான். அவன் பையில் ஆல்பியனும் டூரோனியனும் ஒன்றாகக் கிடந்தன! இடங் குறிக்காமல் எடுத்த அம்மோனைட்டு மேசைமேல் வைக்கும் அழகுப் பொருள்தான். எடுத்த இடமும், படுகையும், அதற்கு மேலும் கீழும் என்ன இருந்தன என்பதும் குறிக்கப்பட்டால்தான் அது சான்றாகும். காரையின் ஓடைகளிலிருந்து ஆண்டுதோறும் சுற்றுலா வருவோரும் சேகரிப்போரும் எடுத்துச் செல்லும் கற்களில் குறிப்போடு போவன எத்தனை? சிர்க்கான் உதவாத, சாம்பல் அடுக்கைக் கொண்டு அளக்க இயலாத இவ்விடத்தில் வயது முழுதும் அக்கற்களையே நம்பி நிற்கிறது.

பாறையமைவின் இலக்கணத்தில் வயது ஏன் இல்லை என்று முன்னர் ஒரு கேள்வியை நிறுத்தி வைத்தேன். கடல் மெல்ல மெல்ல நிலத்தின்மேல் ஏறிவருகிறது என்று கொள்ளுங்கள். ஆழத்தில் சேறு, கரையில் மணல். கடல் ஏற ஏறச் சேற்று எல்லையும் நிலம் நோக்கி நகரும். பல இலட்சம் ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் களி ஒரே விரிப்பாகத் தெரியும். ஆனால் அதன் அடி, கடற்பக்கத்தில் மூத்தும் நிலப்பக்கத்தில் இளைத்தும் இருக்கும். பாறையின் எல்லை வேறு, காலத்தின் எல்லை வேறு. ஊட்டத்தூர்ப் படிவுகள் ஓரிடத்தில் சுண்ணாம்புக்கல்லின்மீதும், வேறோரிடத்தில் நேரே பழம்பாறையின்மீதும் கிடப்பது இத்தகைய நகர்ச்சியின் அடையாளமே. செனோமானியன், டூரோனியன் எல்லை காரைக் களியின் உள்ளேயே ஓடுகிறது. அதன் இரு புறமும் கண்ணுக்குத் தெரிவது ஒரே களிதான். வயதைக்கொண்டு அமைவை வரையறுத்திருந்தால், நிலப்படம் வரைபவர் ஓடையில் நின்று எல்லை எங்கே என்று கூற இயலாது தவித்திருப்பார். பாறையைப் பாறையால் வரையறுத்து, அதன் வயதைப் பின்னர்த் தனியே கண்டறிந்து எழுதுவதே முறையாயிற்று.

எண்கள் மாறியும் இருக்கின்றன. செனோமானியன், டூரோனியன் எல்லைக்கு 1990-இல் வெளிவந்த பெயர்பெற்ற கால அட்டவணை 9 கோடியே 4 இலட்சம் ஆண்டு என்றது. 2004-ஆம் ஆண்டு அட்டவணை 9 கோடியே 35 இலட்சம் என்றது. 2012-இல் வந்தது 9 கோடியே 39 இலட்சம் என்றது. ஒவ்வொரு முறையும் பாடநூலைத் திருத்த வேண்டியிருந்தது. மார்ட்டானிசெராஸ் அடியிலும், டர்ரிலைட்ஸ் இடையிலும், மாம்மைட்டிஸ் உச்சியிலும் கிடைக்கும் வரிசை மட்டும், காஸ்மட் கண்ட நாள்முதல் காரை ஓடைகளில் அப்படியே இருக்கிறது.